பின்திகதியிட்ட கணினி

2024 செப்டெம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். கொளுத்தும் வெயில். இலுப்பைக்கடவையில் கலியாண மண்டபத்து வாசலில் கட்டிய இரண்டு வாழைகளையும் சோழகக் காற்று தும்பு தும்பாகக் கிழித்துக்கொண்டிருந்தது. இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் என் மடிக்கணினியைக் கேட்டிருந்தால், அது 2023 என்று சத்தியம் செய்திருக்கும். அதற்குப் பொய் சொல்லப் பழக்கியவன் நான்.

மணப்பெண் என் தங்கையின் ஒரே மகள். தகப்பன் கனடாவில்; அகதி வழக்கு முடியாததால் பதினொரு வருடமாக ஊர் திரும்ப முடியாதவர். மகள் கழுத்தில் தாலி ஏறுவதைத் திரையிலாவது பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார். படம்பிடிக்க வந்தவர் நேரலைக்குத் தனிக் காசு சொன்னார். "உது பெரிய வித்தையோ? நான் செய்யிறன்" என்று சொல்லிவிட்டேன். (எழுபத்தொரு வயதுக்குள் ஒருவன் வாயை மூடப் பழகியிருக்க வேண்டும்.)

என் கணினிக்கு ஒரு வியாதி இருந்தது. கோப்புகளைத் திறந்து வாசிக்கும் ஒரு செயலி, தனக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று ஓயாமல் ஒரு பெட்டியை நீட்டும். 'இப்போது புதுப்பிக்க', 'பிறகு நினைவூட்டுக' என்று இரண்டே பொத்தான்கள். 'வேண்டாம்' என்பதற்கு வழியில்லை. ஒரு நாள் எண்ணினேன், பதினேழு முறை. அறிவிப்புகளை நிறுத்தும் இடத்தைத் தேடிப்பிடித்து நிறுத்தினேன், மறுநாளும் வந்தது. செயலியின் படத்தைத் திரையிலிருந்து அழித்தேன். படம் போனது, பெட்டி போகவில்லை. புதுப்பித்துத் தொலைத்தால் என்ன என்று கேட்பீர்கள். புதுப்பித்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று மன்னார் பஸ்ஸில் யாரோ சொல்லக் கேட்டிருந்தேன்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, பெண்ணின் தகப்பனான மச்சானைக் கணினியில் அழைத்து ஒத்திகை பார்த்தோம். எல்லாம் சரி. பெட்டி மட்டும் நேராக அவருடைய நெற்றியில் வந்து குந்தியது. இதையே மண்டபத்துப் பெரிய தொலைக்காட்சியில் இருநூற்றைம்பது பேர் பார்க்கப் போகிறார்கள்.

முப்பத்துநான்கு வருடம் அரச கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். தவணை தப்பிய விண்ணப்பங்களுக்கு முத்திரையை ஒரு நாள் பின்னுக்குத் திருப்பிக் குத்தி எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறேன். கலியாணத்துக்கு முதல்நாள் மாலை அதே வைத்தியத்தைக் கணினிக்கும் செய்தேன். திகதியை ஒரு வருடம் பின்னுக்குத் தள்ளினேன். புதிய பதிப்பே பிறக்காத காலத்தில் எதை நினைவூட்டுவது? மூன்று மணித்தியாலம் காவலிருந்தேன், பெட்டி வரவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லது" என்றாள். (அவள் நல்லது என்றால் நம்பவில்லை என்று பொருள்.)

மறுநாள் மண்டபத்தில் அழைப்பு எடுபடவில்லை. திரும்பத் திரும்பத் தட்டினேன். தங்கை கைபேசியோடு ஓடிவந்தாள்.

"அண்ணை, இவர் ஃபோனிலை நிக்கிறார். இதிலையே காட்டுவமோ?"

"உந்தச் சின்னத் திரையிலை என்னத்தைப் பாக்கிறது? ஃபோனை வைக்கச் சொல்லு. ஒரு நிமிசம் பொறு."

அந்த ஒரு நிமிடத்தை அவளிடம் ஐந்து தரம் கேட்டேன். ஆறாவது தரம் கேட்கும் முன்புதான் திரையில் இருந்ததை ஒழுங்காக வாசித்தேன். உங்கள் கணினியின் கடிகாரம் பின்தங்கி நிற்கிறது, ஆகவே பாதுகாப்பான தொடர்பு ஏற்படுத்த முடியாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தொலைக்காட்சியிலும் அதேதான், முழ நீள எழுத்தில்.

அப்போதாவது கைபேசிக்குச் சம்மதித்திருக்கலாம். நான் தொலைக்காட்சி வயரைப் பிடுங்கினேன். கவரேஜ் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். முன்வரிசையில் இருந்தவர்கள் தங்கள் கைபேசிகளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அவசரத்தில் வருடத்தைத் திருத்தும்போது மாதம் மாறியது. மாதத்தைத் திருத்தும்போது கெட்டிமேளம் முழங்கியது.

மேளம் ஓய்ந்தபின் அழைப்பு எடுபட்டது. பட்டு வேட்டி, சால்வை, திருநீறு. நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் மச்சான் தன் அறையில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். வலது கையில், மணமக்களை வாழ்த்தித் தூவ ஒரு பிடி அறுகரிசி.

"மச்சான், தாலி கட்டியாச்சோ?"

"ஓம்" என்றேன்.

அவர் கையைப் பார்த்தார். பிறகு அந்த அறுகரிசியைத் திரையை நோக்கித் தூவினார். திகதி சரியாகிவிட்ட சந்தோசத்தில், அந்த நேரம் பார்த்துப் பெட்டி வந்து அவருடைய நெற்றியில் குந்தியது. புதுப்பிக்கவா, பிறகு நினைவூட்டவா என்று கேட்டது.

அன்று மாலை தங்கையிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. "கந்தோரிலை செய்த வேலையை என்ரை பிள்ளையின்ரை கலியாணத்திலையும் செய்துபோட்டியளே, அண்ணை" என்றாள். ஏசியிருந்தால் அன்றிரவு நித்திரை கொண்டிருப்பேன்.

பரிகாரமாக, கலியாணப் படத்தில் தகப்பனையும் சேர்த்து ஆல்பத்தைப் புதிதாக அச்சிட்டுத் தரும்படி ஸ்டூடியோவில் கேட்டேன். முழு உருவப் படம் வேண்டும் என்றார்கள். மச்சானிடம் கேட்க முகமில்லாமல், என்னிடம் இருந்த ஒன்றைக் கொடுத்துவிட்டேன். அது அவர் பனிக்குள் நின்று எடுத்தது. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மகள் கூறைச்சேலையோடு வியர்த்து நிற்கிறாள். பக்கத்தில் தகப்பன் முழங்கால்வரை தடித்த குளிரங்கியும் கம்பளித் தொப்பியுமாக நிற்கிறார்.

இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் தங்கை முதலில் அந்தப் பக்கத்தைத்தான் விரிப்பாள். மச்சான் கனடாவிலிருந்து அழைத்தால், "அண்டைக்கு எனக்கு நல்லா வேர்த்துப்போச்சு, மச்சான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் கதிரையை விட்டு எழுந்து வெளியே போய்விடுவேன்.

படம் ஒட்டியதும் ஆல்பம் அச்சிட்டதும் சேர்த்து, ரூபா 34,500.