கொம்பையாவின் அதிவேக வழக்கு

ஒரு காட்டில், சரியாகச் சொன்னால் இரண்டு காடுகள் ஒட்டிக் கிடக்கிற இடத்தில், இந்தப் பக்கத்துக் காட்டில், கொம்பையா என்று ஓர் எருமைக்கடா ஷேர் ஆட்டோ ஓட்டிப் பிழைத்து வந்தார். இந்தப் பக்கம் மஞ்சணத்திக் காடு. ஓடைக்கு அந்தப் பக்கம் நாவல் காடு. இங்கே ஆளை ஏற்றி அங்கே சந்தையில் இறக்குவது அவர் தொழில்.

தொழிலில் ஒரு குறையும் சொல்ல முடியாது, வேகத்தைத் தவிர. மேட்டில் வண்டி ஏறும்போது பயணிகள் இறங்கி, ஓரத்துக் கடையில் டீ குடித்து, ஊர்க்கதை பேசி முடித்து, திரும்பவும் அதே வண்டியில் ஏறிக்கொள்வார்கள். மானும் முயலும் அவர் வண்டிப் பக்கமே வராது. ஏறுகிறவர்கள் எல்லாம் வீட்டுக்குச் சீக்கிரம் போக இஷ்டமில்லாதவர்கள்.

அப்பேர்ப்பட்ட கொம்பையாவை ஒருநாள் நாவல் காட்டு எல்லையைத் தாண்டியதும் ஏட்டு சங்கிலி கைகாட்டி நிறுத்தினார். சங்கிலி ஒரு கீரி. புதருக்குள் உட்கார்ந்து, வேகம் அளக்கும் மிஷினைச் சாலைப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது அவர் உத்தியோகம். சற்று முன்னால்தான் காட்டுத் தலைவர் சிறுத்தையின் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்திருந்தது. சங்கிலி ஒரு கையால் அதற்கு சல்யூட் அடித்தார். மறு கையில் மிஷின் கத்தித் தீர்த்தது. கத்திய மிஷினுக்கு ஒரு கணக்குக் காட்டியாக வேண்டும். அடுத்து வந்தவர் கொம்பையா.

"ஓவர் ஸ்பீடு," என்றார் சங்கிலி.

கொம்பையா பின்னால் திரும்பிப் பார்த்தார். "யாரு சார்?"

"நீதான்யா."

பின்சீட்டில் இருந்த வெள்ளாடு செவத்தி சிரிப்பை அடக்கப் பார்த்துத் தும்மினாள்.

"சார், இப்போ ஒரு ஜீப் போச்சே..."

"எந்த ஜீப்?" சங்கிலி கேட்ட தோரணையில் கொம்பையாவுக்கே அந்த ஜீப் மறந்துபோயிற்று. "மிஷின் பொய் சொல்லுமா? உன் நம்பர் பிளேட் எந்தக் காடு?"

"மஞ்சணத்தி, சார்."

"அப்புறம் என்ன? அபராதத்தைக் கட்டு. இல்லேன்னா எங்க கோர்ட்டுக்கு வந்து நின்னு பேசிக்கோ."

வேறு காட்டுக்காரர்கள் பிழைப்பை விட்டுவிட்டு கோர்ட்டுக்குத் திரும்பி வரமாட்டார்கள் என்பது சங்கிலிக்குத் தெரியும். அதனால்தான் அவர் புதர் எல்லைக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்த கொம்பையா, "கட்டித் தொலைச்சிருதேன்," என்றார்.

மனைவி மாடத்தி விடவில்லை. "கட்டினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். ஏற்கெனவே லைசென்ஸ்ல ஒரு கரும்புள்ளி கிடக்கு. அங்க விழுத புள்ளி இங்க வந்து ஒட்டிக்கிடும்லா? இன்னொண்ணு விழுந்தா லைசென்ஸையே பிடுங்கிருவாவ."

அந்தப் பழைய புள்ளி, வெயில் தாங்காமல் ஆட்டோவோடு குளத்தில் இறங்கிப் படுத்துக் கிடந்ததற்காக விழுந்தது. அதைப் பற்றி அவர் வெளியே பேசுவதில்லை.

மாடத்தியே வக்கீலுக்கு போன் போட்டாள். வக்கீல் நீலவேணி ஒரு கரிச்சான் குருவி. பிறக்கும்போதே கறுப்புக் கோட்டோடு பிறந்தவர். எந்தப் பிராணியின் குரலிலும் பேசத் தெரியும் என்பதால் சாட்சிகளுக்கும் அவரிடம் பஞ்சமில்லை. அயல்காட்டில் மாட்டிக்கொண்ட டிரைவர்களுக்காக அங்கே போய் வாதாடுவதுதான் அவருடைய முழுநேர வேலை.

வந்து வேலிக் கம்பில் உட்கார்ந்து, கொம்பையாவை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணாச்சி, உங்களைப் பார்த்தாலே கேஸ் ஜெயிச்சுடும். நீங்க வரவே வேண்டாம். உங்க சார்பா நான் ஆஜராகி, உங்களால வேகமா போகவே முடியாதுன்னு நிரூபிச்சுடறேன்."

கொம்பையாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. உள்ளே எங்கேயோ சுருக்கென்றும் இருந்தது.

இதற்குள் செவத்தி சும்மா இருப்பாளா? கொம்பையா அதிவேகத்தில் போய் போலீஸில் சிக்கிய கதை காடு முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் ஸ்டாண்டில் அவர் வண்டிக்கு வரிசை நின்றது. வரிசையில் முதல் ஆள் ஒரு புள்ளிமான்.

"அண்ணே, உங்களைப் பிடிக்கன்னே நாவல் காட்டுல புதருக்குள்ள ஆள் போட்டிருக்காங்களாமே?" என்று கேட்டது மான். ஏறி உட்கார்ந்து கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பார்த்துப் போங்க அண்ணே," என்றது.

பார்த்துப் போங்க! ஆயுள் முழுக்க 'சீக்கிரம் போய்யா' என்ற ஒரே பேச்சைக் கேட்டு வளர்ந்த காதில் அது தேனாகப் பாய்ந்தது. கொம்பையா கூலிங்கிளாஸ் வாங்கினார். வண்டியைச் சாய்வாக நிறுத்தப் பழகினார். வேகம் என்னவோ பழைய வேகம்தான். ஆனால் பயணிகள் கண்ணை மூடிக்கொண்டே வந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

விசாரணை நெருங்கியது. "நான் நேர்ல போய் ஒத்துக்கிடப் போறேன்," என்றார் கொம்பையா.

மாடத்தி கையிலிருந்த புல்லைக் கீழே போட்டாள். "கிறுக்கு பிடிச்சிருக்கா? லைசென்ஸ் போனா, பேரை வச்சு எதை ஓட்டுவீய?"

"பேரு போனா லைசென்ஸை வச்சு யாரை ஏத்துவேன்?"

விசாரணைக்கு முந்தின நாள் விடியும்போதே அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மாடத்தி உடனே வக்கீலுக்குச் சொல்லிவிட்டாள்.

நாவல் காட்டு நீதிபதி ஓர் உடும்பு. வெயில் விழும் பாறையில்தான் கோர்ட் நடத்துவார். ஓர் அபிப்பிராயத்தைப் பிடித்துவிட்டால் விடமாட்டார். சங்கிலி மிஷினை நீட்டி, நடந்ததை எல்லாம், ஜீப்பை மட்டும் விட்டுவிட்டு, சொல்லி முடித்தார்.

நீலவேணி எழுந்தார். "ஐயா, என் கட்சிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்காக நேற்று விடியற்காலையில் இதே வண்டியில் கிளம்பினார். இன்னும் வந்து சேரவில்லை."

குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"எவ்வளவு தூரம்?" என்றார் நீதிபதி.

"ஓடைக்கு அந்தப் பக்கம்தான் ஐயா. இப்பக்கூட நான் பறந்து போய்ப் பார்த்துட்டு வந்தேன். பாலத்துல வந்துக்கிட்டிருக்கார். நடுவுல எங்கயும் நிறுத்தலை."

நீதிபதி வாலை ஒருமுறை புரட்டிப் போட்டார். "இந்த எருமைக்கு இந்தக் குற்றத்தைச் செய்யும் திறமை கிடையாது. விடுதலை."

அந்த நேரம் பார்த்து கொம்பையா மூச்சிரைக்க உள்ளே வந்தார். "ஐயா! நான்தான் செஞ்சேன்! வேகமாத்தான் போனேன்!"

"தீர்ப்பு சொல்லியாச்சு."

"சத்தியமா போனேன் ஐயா! காதுல காத்து அடிச்சுது! மரமெல்லாம் பின்னால ஓடிச்சு!"

"இதையும் எழுதி வைங்க," என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு நீதிபதி நிழலுக்கு ஊர்ந்து போனார்.

கொம்பையா வெளியே வந்தார். அங்கே சங்கிலி தயாராக நின்றார். தோற்ற ஆத்திரம் மீசையில் துடித்தது. "மந்தமா ஓட்டிப் போக்குவரத்துக்கு இடைஞ்சல். கோர்ட்டே சொல்லிருச்சு, வேற சாட்சி வேண்டாம்." புதுசாக ஓர் அபராதச் சீட்டைக் கிழித்துக் கொம்பில் செருகினார்.

கொம்பையாவின் கண் கலங்கிவிட்டது. வக்கீல் அவர் முதுகில் வந்து உட்கார்ந்தார்.

"கவலைப்படாதீங்க அண்ணாச்சி. இந்த கேஸ்ல நீங்க பயங்கர வேகம்னு நிரூபிச்சுடலாம்."

"இப்பத்தானேம்மா திறமையே இல்லைன்னு..."

"அது வேற கேஸ்."

ஊர் திரும்பியபோது அவருக்கு முன்னாலேயே தீர்ப்பு வந்து சேர்ந்திருந்தது. ஸ்டாண்டில் ஈ, காக்காய்கூட இல்லை. புள்ளிமான் பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்து போனது. 'திறமை கிடையாது' என்று யாரோ மரத்துக்குப் பின்னாலிருந்து கத்தினார்கள். கொம்பையா கூலிங்கிளாஸைக் கழற்றி வைத்துவிட்டு, மூக்கு மட்டும் தெரியும்படி குளத்தில் போய்க் கிடந்தார். சாப்பிடக்கூட வரவில்லை. மாடத்தி கரையில் உட்கார்ந்து, அன்று போன் பண்ணியிருக்க வேண்டாமோ என்று முதல்முறையாக நினைத்தாள்.

இரண்டாவது விசாரணைக்கு அவர் போகவில்லை. போக மனசும் இல்லை. நீலவேணி மட்டும் கோர்ட்டுக்குப் போய் சங்கிலியைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"ஏட்டையா, அன்னைக்கு உங்க மிஷின் இவர் அதிவேகம்னு காட்டிச்சே, அது பொய்யா?"

சங்கிலிக்கு வியர்த்தது. பொய் என்று சொன்னால் இதுவரை எழுதின சீட்டு எல்லாம் திரும்பி வரும். "மிஷின் பொய் சொல்லாது," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஐயா, என் கட்சிக்காரரும் இதே கோர்ட்டில், காற்று அடித்தது, மரம் ஓடியது என்று தானாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார். பதிவில் இருக்கிறது."

நீதிபதி கண்ணை மூடித் திறந்தார். "மிஷினும் சொல்கிறது, எருமையும் சொல்கிறது. இவ்வளவு வேகமான பிராணி மந்தமாக ஓட்டியிருக்க முடியாது. விடுதலை."

"போன தீர்ப்பு ஐயா?" என்றார் சங்கிலி பரிதாபமாக.

"அது போன தீர்ப்பு."

செய்தி வந்ததும் கொம்பையா குளத்திலிருந்து எழுந்தார். லைசென்ஸில் புதிய புள்ளி இல்லை. இரண்டாவது தீர்ப்பைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வண்டியின் முன்னால் மாட்டினார். முதல் தீர்ப்பை மாடத்தி மென்று விழுங்கிவிட்டாள். ஸ்டாண்டில் மறுபடி வரிசை நின்றது.

அடுத்த சந்தை நாளில் வண்டி நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு நாவல் காட்டு எல்லையைத் தாண்டும்போது, சாலையோரம் போய்க்கொண்டிருந்த ஒரு நத்தை மெல்ல வண்டியைக் கடந்து முன்னால் போயிற்று. புள்ளிமான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து அலறியது. "அய்யய்யோ! கொம்பையா அண்ணன் வண்டியையே முந்துதே! அப்போ அது என்ன வேகத்துல போகுதோ!"

புதருக்குள் விசில் ஒலித்தது. சங்கிலி குதித்து வந்து நத்தையை மறித்தார். "எந்தக் காடு?"

"மஞ்சணத்தி, சார்," என்றது நத்தை. ஒன்றும் விளங்காமல் அதன் கொம்பு இரண்டும் உள்ளே போய்விட்டன.

சங்கிலி ஆட்டோவைப் பார்த்தார். "கொம்பையா, உன்னை முந்துச்சா, இல்லையா? உண்மையைச் சொல்லு."

கொம்பையா நத்தையைப் பார்த்தார். பின்சீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த பயணிகளைப் பார்த்தார். பிறகு கூலிங்கிளாஸைச் சரிசெய்துகொண்டார்.

"முந்துச்சு சார்," என்றார். "இத்தனைக்கும் நான் நல்ல வேகத்துலதான் வந்தேன்."

நீதி: அயல்காட்டில் முன்னால் போவது வெறும் வண்டியா, தீர்ப்பு மாட்டிய வண்டியா என்று தெரியாமல் யாரும் முந்தாதீர்கள்.