'நிறுத்து' பொத்தானுக்கு வந்த நல்ல காலம்

மனிதகுலத்தின் தலைசிறந்த படைப்பு எது என்று கேட்டால் சக்கரம், மின்சாரம் என்று ஆளாளுக்கு உளறுவார்கள். பாவம், அவர்கள் எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் தொடுதிரையைப் பார்த்ததில்லை. 'கற்றல் அனுபவ மேலாளர்' என்ற முறையில் அதைப் படைத்தவன் நான்தான் என்பதை அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

அதற்கு முன் பெட்டி ஒட்டும் இயந்திரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. உள்ளங்கை அகலம். தட்டினால் இயந்திரம் நின்றுவிடும். அவ்வளவுதான்! தட்டியவர் எதையுமே கற்றுக்கொள்ளாமல் தப்பித்துவிடுவார். நான்கு கூட்டம் போட்டு, அதைப் பிடுங்கி எறிந்து, தொடுதிரையின் மூன்றாம் பக்கத்தில் இளஞ்சாம்பல் நிறத்தில் குடியமர்த்தினேன்.

மெக்கானிக் மட்டும் தலையைச் சொறிந்தார். "சார், அவசரத்துக்கு எப்படி நிறுத்துறது?"

"அவசரம்தான் கற்றலின் பொற்காலம்," என்றேன். மனிதர் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குப் பொற்காலம் வந்தது. அந்த இயந்திரத்தில் வேலை பார்த்த இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள்: அண்ணியும் நாத்தனாரும். வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று கேள்வி. நாத்தனாரின் சட்டைக்கை உருளையில் சிக்கியது.

"அண்ணி! கை! கையை இழுக்குது அண்ணி!"

அண்ணி பாய்ந்து, திரையை மூன்றாம் பக்கம் வரை தள்ளி, சாம்பல் பொத்தானைத் தொட்டார். திரை இனிமையாக மலர்ந்தது: 'வணக்கம்! நிறுத்த விரும்புகிறீர்களா? மகிழ்ச்சி! முதலில் ஒரு சிறு காணொளி.'

"நிறுத்தித் தொலை சனியனே!"

திரை கோபப்படவில்லை. என் வளர்ப்பு அப்படி. காணொளி முடிந்து கேள்வி வந்தது: 'கை விலைமதிப்பற்றது. சரியா, தவறா?'

அண்ணி 'சரி'யைக் குத்தினார். விரலெல்லாம் பசை, திரை ஏற்கவில்லை. 'மீண்டும் முயலுங்கள். உங்களால் முடியும்!'

இந்த இடத்தில்தான் அண்ணி கற்றலைப் பாதியில் கைவிட்டார். அட்டை வெட்டும் கத்தியால் நாத்தனாரின் சட்டையைத் தோளோடு கிழித்து, இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார். இருவரும் மல்லாந்து விழுந்தார்கள். கை வந்துவிட்டது. இரண்டு விரல்களில் எலும்பு முறிந்ததோடு போயிற்று.

"வலிக்குதாடி?" என்று அண்ணி அழுதார். நாத்தனார் அவரை விடவேயில்லை. மெக்கானிக் ஓடிவந்து மெயினை அணைப்பதற்குள், இயந்திரம் ஆளில்லாமலேயே நாற்பது பெட்டிகளை ஒட்டியிருந்தது. உற்பத்தி பாதிக்கப்படவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மறுநாள் முதலாளி தலைமையில் விசாரணைக் கூட்டம். நான் அண்ணியிடம் பரிவோடு கேட்டேன்: "பயனர் அனுபவம் எப்படி இருந்தது? அஞ்சுக்கு எத்தனை நட்சத்திரம் குடுப்பீங்க?"

"உங்க கையை அதுல விடுங்க சார், எண்ணிச் சொல்றேன்."

கருத்து பதிவு செய்யப்பட்டது.

பிறகு விபத்துப் படிவத்தை நீட்டினேன். 'விபத்துக்குக் காரணம்' என்பதற்குக் கீழே மூன்று விடைகள், தேர்ந்தெடுக்க வசதியாக: ஊழியரின் அவசரம், ஊழியரின் கவனக்குறைவு, ஊழியரின் பயிற்சிக் குறைவு.

அண்ணி தாளை மேலும் கீழும் பார்த்தார். மூன்று கட்டங்களையும் தொடவில்லை. தாளின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், 'படிவம், திரை வடிவமைப்பு' என்று போட்டு என் பெயர் இருந்தது. பேனாவை எடுத்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, முதலாளி பக்கம் தள்ளினார்.

எங்கள் தொழிற்சாலையில் ஒருவர் பயிற்சியே இல்லாமல், முதல் முயற்சியிலேயே, சரியான விடையைத் தேர்ந்தெடுத்தது அன்றுதான்.