நீலப் பொட்டு விறகு

விறகு குறையவே இல்லை. அதுதான் ஹால்வரின் பிரச்சினை.

கொட்டகை வாசலில், முழங்கால் பனியில் நின்று மூன்றாம் முறையாக எண்ணினான். முன்வரிசையில் இருபத்தெட்டு. காலையில் அலுவலகம் கிளம்பும்போதும் இருபத்தெட்டுதான். ஆனால் மதியம் வரை பெய்த புதுப் பனியில், பக்கத்து வீட்டிலிருந்து அவனுடைய கொட்டகை வரைக்கும் இரண்டு நீளக் கோடுகள். நடுவில் பூட்ஸ் தடம். காலால் உந்திக்கொண்டு போகிற சறுக்கு வண்டி. வந்த தடமும் ஆழம், போன தடமும் ஆழம்.

"மாரித்! சீக்கிரம் இங்க வா!"

"குழந்தை பால் குடிக்குது. நீ இங்க வா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பூட்ஸைக் கழற்றாமலே சமையலறைக்குள் ஓடினான்.

"நம்ம விறகைப் பக்கத்து வீட்டு குட்வேய் திருடுறாங்க."

"எவ்வளவு போச்சு?"

"ஒண்ணுகூடப் போகல."

மாரித் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். குழந்தைக்கு ஆறு வாரம். அவள் ஒழுங்காகத் தூங்கியும் ஆறு வாரம்.

"ஒண்ணுகூடப் போகலன்னா அதுக்குப் பேரு திருட்டு இல்ல, ஹால்வர். அதுக்குப் பேரு விறகு."

ஹால்வர் சிரிக்கவில்லை. அவனுக்கு இது மானப் பிரச்சினை.

அவன் பெர்கன்காரன். வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்கிற ஊர். கல்யாணமாகி மாரித்தின் பள்ளத்தாக்குக்குக் குடிவந்து, நில அளவை அலுவலகத்தில் சேர்ந்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. இங்கே மாப்பிள்ளையை எடைபோட அவன் படிப்பையோ காரையோ பார்ப்பதில்லை. சாலையில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கி, அவன் விறகு அடுக்கியிருக்கும் லட்சணத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அதனால் போன மே மாதம் அவனே பிர்ச் மரங்களை வெட்டினான். ஆகஸ்டில் அவனே பிளந்தான். அவனே அடுக்கினான். குழந்தை வருவதற்குள் மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வாங்கிவிடலாம் என்று மாரித் சொன்னபோது மார்தட்டிப் பந்தயமும் கட்டினான்.

"ஈஸ்டர் வரைக்கும் என் விறகு இந்த வீட்டைச் சூடா வெச்சிருக்கும். முடியலன்னா நீ சொல்ற மெஷினை வாங்கிடலாம். புகைபோக்கிச் சோதனையில, புகை படிஞ்சு தார் கீர்னு ஏதாவது சொன்னாலும் நான் தோத்ததா வெச்சுக்கோ."

மாரித் ஹீட் பம்ப் விளம்பரத் தாளை எடுத்து, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுப் போனாள்.

செப்டம்பரில் ஒருநாள் குட்வேய் வேலியைத் தாண்டி வந்தாள். முப்பது வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். ஸ்டியரிங் பிடித்த கை, இன்னும் எதைப் பிடித்தாலும் உடும்புப் பிடிதான். அவன் அடுக்கிலிருந்து இரண்டு கட்டைகளை உருவி, ஒன்றோடொன்று தட்டிக் காதருகே வைத்தாள்.

"கேக்குதா?"

"என்னது?"

"ஒண்ணும் கேக்கல இல்ல? காய்ஞ்ச விறகு கணீர்னு பேசும். இது மொத்துன்னு இருக்கு. இந்தக் குளிருக்கு ஆகாது, மழைக்காரா. எடுத்து வெச்சு அடுத்த வருஷம் எரி."

"நான் எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் வெட்டினேன்," என்றான் ஹால்வர் விறைப்பாக.

"நல்லாப் படிச்சிருக்கே," என்று கட்டையைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

கிறிஸ்துமஸ் வரைக்கும் அவள் வாக்கு பலித்துத் தொலைத்தது. அடுப்பில் விறகு எரிவதற்குப் பதில் அழுதது. முனையில் நுரை தள்ளியது. கண்ணாடிக் கதவு கரிக்கட்டை போல் கறுத்தது. மாரித் இருமினாள், ஹால்வர் ஊதினான், புகை மட்டும் செல்லப் பூனை மாதிரி வீட்டுக்குள்ளேயே சுற்றியது.

ஆனால் ஜனவரியில் குழந்தை வீட்டுக்கு வந்ததும் ஓர் அதிசயம். அடியில் இரண்டு தடித்த கட்டை, மேலே சிறு சுள்ளி, உச்சியில் தீ, காற்றுத் துளை முழுசாகத் திறப்பு. அதே முறைதான். ஆனால் இப்போது தீ மெழுகுவர்த்தி போல மேலிருந்து கீழே நிதானமாக இறங்கியது. கண்ணாடி பளிச்சென்று நின்றது. கூரைமேல் புகை இருக்கிற இடமே தெரியவில்லை.

"அப்பா ஆனதும் கை தானாப் பழகிடுது," என்று அலுவலகத்தில் காப்பி நேரத்தில் சொன்னான். அதைக் கேட்காதவர் ஒருவரும் அங்கே இல்லை. சிலர் மூன்று முறை கேட்டிருந்தார்கள்.

அதே ஜனவரியிலிருந்து குட்வேய் வீட்டுப் புகைபோக்கிதான் பழைய நீராவி ரயில் மாதிரி கறுப்பாகக் கக்கிக்கொண்டிருந்தது.

"புரியுதா மாரித்?" என்றான் இப்போது. "அவங்க விறகு புகையுது. நம்மளுது ஜொலிக்குது. நம்மளுதை எடுத்துட்டு அவங்களோட குப்பையை அடுக்கிட்டுப் போறாங்க. எண்ணிக்கை குறையாம! என்ன கில்லாடித்தனம் பாரு."

"குட்வேய் எனக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவங்க. நான் மறந்து வெச்சுட்டுப் போன கையுறையை வீடு தேடி வந்து குடுத்தவங்க."

"அது கையுறை. இது விறகு."

அன்றே நீலப் பெயின்ட் டப்பாவைத் திறந்தான். கண்ணில் பட்ட ஒவ்வொரு கட்டையின் முனையிலும் ஒரு நீலப் பொட்டு. வேலை முடிந்தபோது அவன் மூக்கிலும் ஒன்று இருந்தது.

மறுநாள் மாலை பார்த்தால், முன்வரிசையில் இருபத்தெட்டு கட்டை. அதில் பதினொன்றுக்குப் பொட்டு இல்லை.

"மாட்டிக்கிட்டாங்க!" என்று துள்ளினான்.

துள்ளி முடித்ததும் அடுத்த நடவடிக்கை. எடுக்க விறகு இருந்தால்தானே எடுப்பார்கள்? சனிக்கிழமை முழுக்கக் கூடை கூடையாகச் சுமந்து இருநூறு கட்டைகளைக் கூடத்துக்குள் கொண்டுவந்தான். சோபாவுக்குப் பின்னால், தொட்டிலுக்குப் பக்கத்தில், இடம் போதாமல் அடுப்பைச் சுற்றியும் கோட்டைச் சுவர் மாதிரி அடுக்கினான்.

ஒரு மணி நேரம் அமைதி. பிறகு பட்டைக்குள் தூங்கிக்கொண்டிருந்த வண்டுகள், சூடு பட்டதும் வசந்தம் வந்துவிட்டதென்று முடிவு செய்து கும்பலாக வெளியே வந்தன. ஒன்று மாரித்தின் காப்பிக்குள் குதித்தது. இன்னொன்று குழந்தையின் குல்லாய்மேல் ஏறி ஊரைச் சுற்றிப் பார்த்தது.

"ஹால்வர்."

அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டு நிமிஷம். வண்டுகளை மட்டும்..."

"வண்டு இல்ல. அடுப்பைப் பாரு."

திரும்பினான். அடுப்பின் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்த ஒரு கட்டை, தீயைத் தொடாமலே பழுப்பாகி, மெல்லிய நூலாகப் புகைந்துகொண்டிருந்தது.

இரண்டு எட்டில் பாய்ந்து அதைப் பனியில் வீசினான். மீதி நூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் சுமந்து திரும்பக் கொட்டகையில் போட்டான். மாரித் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிக் கட்டை வாசலைத் தாண்டும்வரை உட்கார்ந்து பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வேறு யோசனை தோன்றியது. கொட்டகைக்கு ஒரு பூட்டு. உள்ளங்கை அகலத்தில், கப்பலுக்குப் போடுகிற மாதிரிப் பூட்டு.

அது அருமையாக வேலை செய்தது. திங்கட்கிழமை காலை பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரிக் குளிரில் உறைந்துபோய், ஹால்வரையே உள்ளே விடவில்லை. சாவி நுழைந்தது, திரும்ப மறுத்தது. வீட்டு அடுப்பில் கடைசிக் கட்டை தணலாகிக்கொண்டிருந்தது.

கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து பூட்டின்மேல் ஊற்றினான். சாவி அரை அங்குலம் அசைந்தது. ஹால்வர் "ஆஹா!" என்பதற்குள் வெந்நீர் பனிக்கட்டியாகி, பூட்டு, சாவி, கதவு மூன்றும் ஒரே துண்டாகிவிட்டன.

"வீட்டுல சூடு இறங்குது," என்றாள் மாரித், குழந்தையை இரண்டு கம்பளிக்குள் சுற்றிக்கொண்டே. "பக்கத்துல போய் ஒரு கூடை விறகு கேளு."

"அவங்ககிட்டயா? நானா?"

மாரித் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். ஹால்வர் கூடையை எடுத்தான்.

குட்வேய் கதவைக் கால்வாசிதான் திறந்தாள். உள்ளேயிருந்து புகைவாடை அடித்தது.

"கொட்டகைப் பூட்டு உறைஞ்சுபோச்சு, ஒரு கூடை விறகு வேணும். சாயங்காலம் திருப்பிக் குடுத்துடுறேன்."

"தர மாட்டேன்."

இந்தப் பள்ளத்தாக்கில் ஜென்மப் பகையாளி வந்து நின்றாலும், குளிர்காலத்தில் விறகு இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

"குழந்தைக்காகத்தான் கேக்குறேன்."

"குழந்தைக்காகத்தான் தர மாட்டேன்கிறேன். நகரு." கதவிடுக்கை உடம்பால் மறைத்துக்கொண்டே கோட்டை மாட்டினாள். மறைத்தது போதவில்லை. அவள் இடுப்புக்குப் பின்னால், அடுப்பங்கரையில் அடுக்கியிருந்த விறகு ஹால்வரின் கண்ணில் பட்டுவிட்டது. வரிசையாக நீலப் பொட்டுகள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் கடப்பாரையோடு பாதி வழி போயிருந்தாள். கொட்டகை முன்னால் நின்று பூட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

"கப்பல் எங்கே நிறுத்தியிருக்கே, மழைக்காரா?"

ஒரே நெம்பு. கொண்டியோடு பூட்டு பறந்துபோய்ப் பனியில் புதைந்தது. உள்ளே போனவள் ஒவ்வொரு கட்டையாகத் தட்டித் தட்டிக் கை நிறைய அள்ளிக்கொண்டு, நேரே கூடத்துக்குப் போய் மண்டியிட்டு அடுப்பை மூட்டினாள். பத்து நிமிஷத்தில் வீடு மூச்சு விட்டது. மாரித் காப்பியும், பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிளும் நீட்டினாள்.

ஹால்வரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"நீலப் பொட்டைப் பார்த்துட்டேன்."

குட்வேய் வாஃபிளை மென்றாள். "ம்."

"என் விறகை எடுத்தீங்களா இல்லையா?"

"எடுத்தேன்."

"எத்தனை?"

"எண்ணல. எண்ணுறது உன் வேலை."

"ஏன் எடுத்தீங்க?"

குட்வேய் எழுந்து, தொட்டிலில் எட்டிப் பார்த்து, குழந்தையின் கன்னத்தை விரல் முனையால் தொட்டாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"உன் விறகு மாதிரி ஒரு விறகு இந்தப் பள்ளத்தாக்குலயே கிடைக்காது, மழைக்காரா."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

"கேட்டியா? கேட்டியா? அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க!"

மாரித் மிச்ச வாஃபிள்களை அவன் கைக்கு எட்டாத இடத்தில் எடுத்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குப் புகைபோக்கிச் சோதனைக்கு ஓட்வார் வந்தார். கரி படிந்த முகத்தில் கண்கள் மட்டும் வெள்ளை. பக்கத்து வீட்டு வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். ஏணி வைத்துக் கூரையேறி, தூரிகையை உள்ளே விட்டு, விளக்கடித்து, இறங்கி வந்து அடுப்புக்குள் தலையை நுழைத்தார். இதற்காகவே விடுப்பு எடுத்திருந்த ஹால்வர் பரீட்சை முடிவுக்கு நிற்பவன் போல் நின்றான்.

ஓட்வார் தலையை வெளியே எடுத்தார்.

"அடியில கொஞ்சம் பழைய தார் இருந்துச்சு, கிறிஸ்துமஸுக்கு முந்தினது. அதுக்கு மேல துளிகூட இல்ல. சுத்தம்னா சுத்தம். முதல் வருஷமா உங்களுக்கு? நம்பவே முடியல."

ஹால்வர் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தான். நிதானமாக நடந்துபோய், ஹீட் பம்ப் விளம்பரத்தை எடுத்து நான்காகக் கிழித்து, அதையே அடுப்பில் சுள்ளிக்கு மேல் வைத்தான்.

"பக்கத்து வீடு எப்படி?" என்று கேட்டான், பெருந்தன்மையாக.

ஓட்வாரின் முகம் சுருங்கியது. "விரல் கனத்துக்குத் தார். இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா புகைபோக்கியே தீப்பிடிச்சிருக்கும். நாளைக்கு நான் வந்து சுரண்டி எடுக்குறவரைக்கும் அடுப்பு மூட்டக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"நான் அப்பவே நினைச்சேன்," என்று ஹால்வர் மாரித் பக்கம் திரும்பினான். "சுத்தப் பொறுப்பில்லாத பொம்பளை."

தூரிகையைச் சுருட்டிக்கொண்டிருந்த ஓட்வாரின் கை நின்றது.

"யாரு, குட்வேயா? இருபது வருஷமா நான் ஏறின கூரையிலயே சுத்தமான புகைபோக்கி அவங்களோடதுதான். இந்த வருஷம் அவங்க கொட்டகையில காய்ஞ்ச விறகு ஒண்ணுகூட இல்ல, பூராவும் ஈர விறகு, சிலதுல நீலப் பொட்டு வேற. என்னம்மா இதுன்னு கேட்டா, 'ரெண்டு வருஷம் காய வெச்சதையெல்லாம் கைக்குழந்தை இருக்கிற வீட்டுல மாத்தி வெச்சுட்டேன், அந்த அப்பன்கிட்ட மட்டும் சொல்லிடாதே, பாவம், தீ மூட்டத் தானாக் கத்துக்கிட்டோம்னு ரொம்ப சந்தோஷமா இருக்கான்'னு சிரிக்கிறாங்க."