கனிவான சிவப்பு

எங்கள் நாட்டு மழைக்குக் கிடைக்கும் மரியாதை உலகத்தில் வேறெந்த மழைக்கும் கிடைக்காது. அது கடலுக்கு மேல் கருக்கொள்ளும்போதே எங்கள் செயற்கைக்கோள் பார்த்துவிடும். பதினொரு நிமிடத்தில் படம் என் மேசைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது.

‘வான்வழிப் பேரிடர் மேலாண்மை மைய’த்தில் நான் ‘வண்ண அலுவலர்’. வெள்ள வரைபடத்துக்கு நிறம் பூசுவது என் பணி. மஞ்சள் என்றால் ‘கவனமாக இருக்கவும்’. அதை நானே பூசலாம். சிவப்பு என்றால் ‘வீட்டை விட்டு வெளியேறவும்’. அதற்கு இயக்குநரின் கையெழுத்து வேண்டும். சிவப்பு பூசி வெள்ளம் வராவிட்டால், கையெழுத்துப் போட்டவர் விளக்கம் எழுத வேண்டும். பூசாமல் வெள்ளம் வந்தால் அது இயற்கைச் சீற்றம். ஆகவே ஒன்பது ஆண்டுகளாக எங்களுக்குச் சிவப்பே தேவைப்படவில்லை. இதைவிடச் சிறந்த நிர்வாகம் எங்கே உண்டு?

அன்று காலை வந்த படத்தில் ஆறு கரையை மீறிக்கொண்டிருந்தது. கீழே ஆற்றோரக் குடியிருப்பு. அதன் மூன்றாவது தெருவில் என் தங்கை, கைக்குழந்தையோடு. மாலை நான்கு மணிக்குத் தண்ணீர் அங்கே போய்விடும். படத்தோடு இயக்குநரின் காலைக் கூட்டத்துக்கு ஓடினேன்.

“சிவப்புதான் சார்.”

“எந்தச் சிவப்பு?” என்றார் இயக்குநர்.

“ஒரே சிவப்புதான் சார் இருக்கு.”

“அதாம்மா பிரச்சினையே. ஜனங்க பயந்துடுவாங்க. கொஞ்சம் கனிவான சிவப்பா பாருங்களேன்.”

“அழுத்தமான மஞ்சள் போட்டுடலாமே சார்?” என்றார் துணை இயக்குநர். “அதுக்குக் கையெழுத்தும் வேண்டாம்.”

கனிவான சிவப்பைக் கண்டறிய மூவர் குழு அமைக்கப்பட்டது. குழு ஐந்து மணிக்குள் அறிக்கை தரும். அதுவரை தொலைக்காட்சியில் என் பழைய மஞ்சளே ஓடும். யாரும் வெளியே மூச்சு விடக்கூடாது.

நான் கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு தங்கையை அழைத்தேன்.

“குழந்தையத் தூக்கிட்டு இப்பவே மேட்டுப் பக்கம் கிளம்பு.”

“என்னக்கா, டிவில மஞ்சள்னுதானே போட்டிருக்கான்?”

“அந்த மஞ்சளைப் போட்டதே நான்தான்டி. கிளம்பு!”

“எதிர் வீட்டம்மா படுத்த படுக்கையா இருக்காங்களே. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிடவா?”

சொன்னால் நாலு பேர் கேட்பார்கள், உனக்கு யார் சொன்னது என்று. அந்தக் கேள்வி ஏறி வரும் படிக்கட்டு என் அறையில்தான் முடியும். இவ்வளவையும் நான் யோசிக்கவில்லை. யோசிக்கும் முன்பே என் வாய் முடிவெடுத்துவிட்டது.

“வேண்டாம். அறிவிப்பு வரும். நீ மட்டும் கிளம்பு.”

எங்கள் கணிப்பை நான்கு மணித் தண்ணீர் ஒரு நிமிடம்கூட அவமதிக்கவில்லை. மறுநாள், கூரைகளில் நின்றவர்களைச் செயற்கைக்கோள் தலைதலையாக எண்ணிக் கொடுத்தது. எதிர் வீட்டுக் கூரையில் யாரும் இல்லை.

மீட்புப் படகின் அறிக்கையை இயக்குநர் வாசித்தார். “மூணாவது தெருவுல ஒரே ஒரு வீடு மட்டும் முன்கூட்டியே காலி பண்ணியிருக்காங்க. எப்படி?”

என் கால் விரல்கள் செருப்புக்குள் சுருண்டன.

அவர் முகம் மலர்ந்தது. “நம்ம மஞ்சளைப் பார்த்துட்டுதான்!”

பதிவேட்டில் ஏறியது: ‘எச்சரிக்கையால் காப்பாற்றப்பட்ட வீடுகள்: ஒன்று.’

“அந்த மஞ்சளைப் போட்டது யாரு? எழுந்திருங்கம்மா.”

எழுந்து நின்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் மையம் ஒரு குற்றவாளியை இவ்வளவு விரைவாக அடையாளம் கண்டது அதுவே முதல் முறை.