செம்பாக்கத்துத் துல்லியம்

துல்லியம் என்பது ஜெர்மனியில் பிறந்து, ஜப்பானில் வளர்ந்து, கடைசியில் செம்பாக்கம் ஏரிக்கரையில் நிலையாகக் குடியேறியது என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் என்றைக்காவது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதுவரை, எங்கள் ஆய்வகத்தின் நிர்வாக சூப்பரின்டெண்டென்ட் சம்பந்தம் ஆகிய நான் அதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

ஆய்வகம் இயங்கியது ஒரு பழைய கல்யாண மண்டபத்தில். டைரக்டர் டாக்டர் யக்ஞநாராயணன் 'மணமகள் அறை'யில் உட்கார்ந்திருந்தார். விஞ்ஞானம் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. 1988-இல் தொடங்கியபோது வேறு எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தோம்; எதை என்பது கோப்பில் இருக்கிறது. கடந்த ஒன்றரை வருடமாகக் கண்ணாடி.

முகம் பார்க்கிற கண்ணாடி அல்ல. கடுகைவிடச் சின்னது. ஒளியாக ஓடிவருகிற டெலிபோன் பேச்சை, இது தலையைக் கொஞ்சம் சாய்த்து, போகவேண்டிய பக்கம் திருப்பிவிடும். எவ்வளவு சாயவேண்டும் என்பதை அதற்குக் கொடுக்கும் வோல்டேஜ் தீர்மானிக்கிறது. நூறு வோல்ட் என்றால் நூறுதான். ஒரு வோல்ட்டில் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும், மயிலாப்பூருக்குப் போகவேண்டிய 'ஹலோ' பெருங்களத்தூரில் யார் காதிலாவது விழும். அந்தப் பிசகு இல்லாத சர்க்யூட்டைச் செய்வதே எங்கள் தேசியப் பணி. சாயங்காலமானால் எங்கள் தெருவுக்கே நூற்றைம்பது வோல்ட்தான் வரும், டியூப்லைட் கண்ணடித்துக்கொண்டே நிற்கும் என்பது வேறு இலாகா.

சர்க்யூட்டைச் செய்தவர் அமீருதீன் என்ற இளம் என்ஜினியர். நன்றாகவே செய்திருந்தார். ஆனால் நூறு நாளைக்கு ஒரு முறை, பதினோரு நாள், வோல்டேஜ் தன் இஷ்டத்துக்கு ஆடியது. பிறகு தானாகவே அடங்கியது. மழைக்காலத்தில் மட்டும் ஆடவில்லை.

இதை விசாரிக்க 'துல்லியக் குறைபாட்டைத் துல்லியமாகக் கண்டறியும் குழு' அமைக்கப்பட்டது. அது பதினான்கு முறை கூடியது. பதினான்கு முறையும் முந்திரி பக்கோடா நன்றாக இருந்ததாக நடவடிக்கைக் குறிப்பு சொல்கிறது. சூரியனில் ஏதோ புள்ளி என்றார் ஓர் உறுப்பினர். டைரக்டர் காலத்தோடு ஒட்டி நடப்பவர். வாஸ்து நிபுணரை வரவழைத்தார். "விஞ்ஞானம் தெற்கு பாத்து உக்காந்திருக்கு" என்றார் நிபுணர். மேஜைகளை வடக்கே திருப்பிப் போட்டோம். வோல்டேஜ் வடக்கு பார்த்து ஆடியது.

1999 மே மாதம் டெல்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருவதாக ஃபாக்ஸ் வந்தது. கண்ணாடி சரியாகத் திரும்பினால் இன்னும் ஐந்து வருடம் ஆயுள். இல்லாவிட்டால் மண்டபத்தில் மறுபடியும் கல்யாணம்தான். குழு வரும் நாளோ ஆட்டக் காலத்தின் எட்டாவது நாள்.

அன்று காலை அமீருதீன் ஒரு தாளோடு என் மேஜைக்கு ஓடிவந்தார்.

"சம்பந்தம் சார், வோல்டேஜ் ஆடின தேதியெல்லாம் இதுல எழுதியிருக்கேன். இந்தத் தேதிகள்ல நம்ம ஆபீஸ்ல வேற என்ன நடந்துச்சு?"

பார்த்ததுமே எனக்குப் பெருமையாகிவிட்டது. எல்லாம் என் கையெழுத்தில் நடந்தவை.

"சரசுவுக்கு பிரேக் குடுத்த நாள்கள்" என்றேன்.

சரசு, எங்கள் கூட்டிப் பெருக்கும் பணியாளர். பீர்க்கன்கரணையிலிருந்து வருபவள். பதினோரு வருடமாகத் 'தற்காலிகம்'. தொண்ணூறு நாள் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டால் நிரந்தரம் கேட்கும் உரிமை வந்துவிடும் என்பது எங்கள் விதி. பத்து நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்பதும் விதிதான். ஆகவே எண்பத்தொன்பதாம் நாள் மாலை அவளை நிறுத்துவேன்; பதினோரு நாள் கழித்துப் புத்தம்புது ஆளாகச் சேர்த்துக்கொள்வேன். ஒவ்வொரு முறையும் நிரந்தரம் கேட்டு மனு கொடுப்பாள். ஒவ்வொரு முறையும் மரியாதையாகப் பெற்றுக்கொள்வேன்.

பிரேக் நாள்களில் அவள் பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்பாள். அமீருதீன் ஸ்கூட்டரில் போய்க் கூடையோடு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

டைரக்டர் அவளுக்குக் கண்ணாடியைப் பற்றி விளக்கத் தொடங்கினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரே கொல்லைப்பக்கம் போய், சுவரோரம் இருந்த ஒரு சிமெண்ட் மூடியைத் தூக்கினாள்.

"இன்னா சார் இது, குழி இப்டி காஞ்சி கெடக்குது! எட்டு நாளா யாருமே தண்ணி ஊத்தலியா?"

"எந்தக் குழி?" என்றார் டைரக்டர்.

"எர்த்து குழி சார். கரண்ட்டு ஒயரு பூமில எறங்குற எடம். ஒயரிங் பண்ண சிட்டிபாபு அண்ணன் அன்னிக்கே சொல்லிட்டுப் போச்சு. தெனம் ஒரு பக்கெட்டு ஊத்து, அப்பப்ப உப்பு போடு, இல்லாங்காட்டி உள்ள எல்லாம் பேஜாராயிடும்னு. நானும் ஊத்திகினுதான் கீறேன்."

மூன்று பக்கெட் தண்ணீர், இரண்டு கை கல்லுப்பு. சிறிது நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து அமீருதீனின் சத்தம் கேட்டது.

"நூறு பாயின்ட் சைபர் சைபர்! அசையவே இல்ல சார்!"

பதினொரு மணிக்கு டெல்லிக் குழு வந்தது. கண்ணாடி அவர்களுக்கு முன்னால் சொன்னபடியெல்லாம் தலைசாய்த்தது. ஐந்து வருடம் கிடைத்தது. "இந்த வெற்றியின் ரகசியம் என்ன?" என்று கேட்டார்கள். "டீம் ஒர்க்" என்றார் டைரக்டர். அந்த டீம் அப்போது அவர்கள் குடித்த காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தது.

அவர்கள் போனதும் அமீருதீன் சரசுவை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், அக்கா இன்னிக்கு வேலை பாத்துட்டாங்க. பிரேக் ஏழு நாள்லயே முடிஞ்சுபோச்சு. அப்ப சர்வீஸ் அறுபடல. இன்னியோட தொண்ணூறு நாள் ஆயிடுச்சு, நிரந்தரம் போட்டுடலாம்ல?"

பதினோரு வருடமாகக் கட்டிக் காத்த ஒன்று மூன்று பக்கெட் தண்ணீரில் அடித்துக்கொண்டு போகப் பார்த்தது. ஆனால் கண்ணாடியைவிட வேகமாகத் திரும்பத் தெரிந்தவன் நான். பார்வையாளர் பதிவேட்டை எடுத்தேன். பெயர்: சரசு. வந்த நோக்கம்: தண்ணீர். கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினேன். அமீருதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நாற்பது மனு எழுதிய பழக்கம், சரசு எழுத்துக் கூட்டாமலே படித்தாள். பேனாவைத் தொடவில்லை.

"கண்ணாடிக்கு துளியூண்டு கொறஞ்சதுக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தேடிகினு ஓடியாறீங்க. எனுக்கு பதினோரு வருசமா பதினோரு நாளு கொறையுது சார். அத்த மட்டும் யாருமே பாக்கலியே."

துல்லியம் இல்லாத பேச்சை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. பணியாளர் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக் கூட்டிப் பார்த்து, அவளைத் திருத்தினேன்.

"யார் பாக்கலன்னது? நான்தான் பாத்தேன். பதினோரு நாள் இல்ல சரசு. இது நாப்பதாவது தடவை. இன்னியோட மொத்தம் நானூத்தி முப்பத்தேழு நாள். ஒரு நாள்கூட பிசகல. இன்னும் மூணு நாள் பாக்கி இருக்கு, போயிட்டு வா."