கடைசி ஆள் முதலில்

"திங்கக்கெழம விடியக்காலையில கொஸ்லந்தயில பஸ் ஏறி வந்து மொத ஆளா குடுத்தேங்க. எனக்குப் பொறகு வந்தவங்க எல்லாம் முடிச்சிட்டுப் போயிட்டாங்க. இது என்னங்க நியாயம்?"

அரசாங்கக் கந்தோரில் என்னோடு காத்திருந்த தனலெட்சுமி சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். அவள் கேட்டது வதிவிட அத்தாட்சிக் கடிதம். அது இல்லாமல் மகள் விதுஷாவைத் தாதியர் பயிற்சி நேர்முகத்துக்கு உள்ளே விடமாட்டார்கள். நேர்முகம் வெள்ளிக்கிழமை.

பதுளையில் அந்தக் கந்தோரில் கையெழுத்துப் போடும் பிரதம லிகிதர் கனகரத்தினம், கொழும்பில் கணினிப் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். கந்தோருக்குக் கணினி இன்னும் வரவில்லை. ஆயினும் பொதுமக்கள் நலன் கருதி, கணினி வேலை செய்யும் முறை உடனடியாக அமுலுக்கு வந்திருந்தது.

"இதுக்கு ஸ்டாக், அதாவது அடுக்கு எண்டு பேர், அம்மா. கடைசியா வந்த விண்ணப்பம் மேலே இருக்கும். மேலே இருக்கிறதைத்தான் முதல்ல எடுக்கவேணும். அடியில கை வைச்சால் எல்லாம் குழம்பிப் போகும்."

எனக்குப் பொறுக்கவில்லை. மகனின் கணினிப் பாடப் புத்தகத்தைப் புரட்டியவள் நான். கணினியில் ஒரு வேலை பாதியில் நின்று, தனக்குத் தேவையான இன்னொரு வேலையைக் கூப்பிடுகிறது. வந்தது மேலே ஏறி, முடித்து, விடையைக் கொடுத்துவிட்டு இறங்குகிறது. அடியில் இருப்பவருக்காகத்தானே மேலே இருப்பவர் வருகிறார் என்று கேட்டேன்.

"அது ரெண்டாம் நாள் பாடம். நான் முதல் நாள் மட்டும்தான் போனனான்."

அதற்குள் சனங்களும் முதல் நாள் பாடத்தில் தேறிவிட்டார்கள். காலையில் ஒருவரும் உள்ளே வருவதில்லை. பஸார் தேத்தண்ணிக் கடைகளில் பதுங்கியிருந்து, கந்தோர் மூடும் நேரத்தில் பாய்ந்தோம். காலை நெரிசல் அறவே ஒழிந்ததென்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

வியாழன் பிற்பகல், கையெழுத்தாகாத விண்ணப்பங்கள் ஜன்னல் உயரத்துக்கு ஏறிச் சரிந்தன. கனகரத்தினம் கலங்கவில்லை. ஸ்டாக்குக்கு ஓர் அளவுண்டு, நிரம்பினால் யாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டும் என்று அறிவித்து, அத்தனையையும் குப்பைக்கு அனுப்பினார். எல்லோரும் மறுபடி எழுதிக் கொடுக்கலாமாம்.

ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. கடைசியாக நுழையவேண்டுமென்று அத்தனை பேரும் வெளியே ஓடினோம். படிக்கட்டில் நின்று, "நீங்க முந்திப் போங்க, நீங்க போங்க" என்று ஒருவரையொருவர் வெகு மரியாதையாக உபசரித்துக்கொண்டோம்.

உள்ளே தனலெட்சுமி மட்டும், புதிதாக எழுதிய தாளுடன் மேசைக்கு முன்னால். கனகரத்தினம் கடைசி ஆள் வரட்டுமென்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தே கிடந்ததால் அவள் குரல் எங்களுக்கும் கேட்டது.

"ஐயா, இப்ப எனக்கு மேல யாருமே இல்லீங்க. விடிஞ்சா புள்ளைக்கு இன்டர்வியூ. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்களேன்."