வரையப்போகிறவர்

முதல் பக்கம்கூட அழுக்காகாத ஓவிய நோட்டுகள் உங்கள் அலமாரியில் எத்தனை? குறைத்துச் சொல்லாதீர்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் நான் யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். வரைபவர் ஒரு இனம், வரையத் தெரியாதவர் இன்னொரு இனம். இவர் இரண்டிலும் சேராத 'வரையப்போகிறவர்'.

எங்கள் குரோனிங்கன் நகரத்து மாலை வகுப்பில் இந்த இனத்தின் திலகம் ஹார்மென், ஓய்வுபெற்ற நில அளவையாளர். மூன்று வருடமாக ஜன்னலோர நாற்காலி அவருடையது. ஆசிரியை ரென்ஸ்கே, "முப்பது நொடிதான்! உடம்போட அசைவை மட்டும் பிடிங்க!" என்று கத்துவார். நாங்கள் பதினோரு பேரும் அவசரமாகக் கிறுக்குவோம். கால் கோணும், கை மூன்றாகும், ஆனாலும் தாளில் ஏதோ ஒரு மனிதன் நிற்பான். அந்த முப்பது நொடியில் ஹார்மென், இருபத்து நான்கு பென்சில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார்.

"என்ன ஹார்மென், தாளைத் தொட்டா சுடுதா?"

"கரு இன்னும் வரலை, ரென்ஸ்கே."

கரு என்ன பஸ்ஸா, நிறுத்தத்தில் நின்றால் வருவதற்கு?

காப்பி நேரத்தில் டப்பா சுற்றி வரும்; ஆளுக்கு ஒரு பிஸ்கட், பிறகு மூடி விழும். ஹார்மென் தன் பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தின்பார்.

"இதையே வரையலாம்னு நெனச்சேன்."

"வரைஞ்சிருக்கலாமே!"

"வெளிச்சம் சரியில்ல."

திறமை வானத்திலிருந்து சிலர் தலையில் மட்டும் சொட்டுகிறது என்பது சோம்பேறிகள் கட்டிய மதம். முட்டையை வரை, கழற்றிப்போட்ட செருப்பை வரை, எதிரே கொட்டாவி விடுபவரை வரை. நூறு தடவை தப்பாக வந்தால் நூற்றோராவது கொஞ்சம் குறைவான தப்பாக வரும். இதில் அருள் எங்கே வந்தது?

அவர் தாள், அவர் இஷ்டம் என்று விட்டிருப்பேன். ஆனால் வகுப்பில் நாற்காலிகள் பன்னிரண்டுதான். இரண்டு வருடமாக இடத்துக்குக் காத்திருக்கிறவர் ஃபென்னா, பஸ் ஓட்டுநர். கடைசி நிறுத்தத்தில் கிடைக்கும் ஏழு நிமிடத்தில், பழைய பணித்தாளின் முதுகில், தூங்கிவழியும் பயணிகளை வரைகிறவர். இந்த வருடம் வந்த விதியோ இதுதான்: பழைய மாணவருக்கே முன்னுரிமை, ஆனால் வகுப்பு ஆண்டின் கடைசி நாள் சுவரில் ஒரு படமாவது மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலி போய்விடும்.

கடைசி நாளும் வந்தது. ஹார்மென் ஒரு தாளை மாட்டினார். தூய வெள்ளை. கீழே கையெழுத்து. தலைப்பு: 'தொடக்கம்'.

இது படமா? வேறு ஊராக இருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். எங்கள் ஊரில் எல்லோரும் ஒப்புக்கொள்ளாமல் எதுவும் முடியாது, யார் மனமும் நோகவும் கூடாது. ஆகவே நாற்பது நிமிடம் கூட்டம் போட்டோம். "கையெழுத்தும் கோடுதானே," என்றார் மருந்துக்கடை ரெய்ன்ட். "காலியா விடுறதுக்கும் துணிச்சல் வேணும்," என்றது இன்னொரு குரல்.

முடிவு தெரிந்துகொள்ள, வேலை முடிந்த சீருடையோடு வாசலில் நின்றிருந்த ஃபென்னா படத்தை எட்டிப் பார்த்தார்.

"இதை நான் நவம்பர் பூரா கண்ணாடி வழியா பாக்குறேன். எங்க டிப்போவுல இதுக்கு மூடுபனின்னு பேரு."

எல்லோரும் சிரித்தோம். ஹார்மென்தான் அதிகம் சிரித்தார். பிறகு ரென்ஸ்கே, "அப்போ இது படம்தான்னு எல்லாருக்கும் சம்மதமா?" என்று கேட்டார். கைகள் உயர்ந்தன, என்னுடையதும். நாற்காலி ஹார்மெனுக்கே. யார் மனமும் நோகவில்லை, ஃபென்னாவைத் தவிர.

சிரிக்கிறீர்களா? எதை வரைவது என்று தெரியாமல்தானே நீங்களும், வரைவதை விட்டுவிட்டு, வரைவதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? போதும். மின்கட்டண ரசீதைத் திருப்பிப் போட்டு உங்கள் இடது கையை வரையுங்கள். ஆறு விரல் வந்தாலும் குற்றமில்லை. முடியாது என்றால் தயவுசெய்து எழுந்திருங்கள். ஃபென்னா இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.